மிளகாய்ச் சுருதியும் பொன்னுத்துரை அண்ணையின் கையும்

அன்று பொன்னுத்துரை அண்ணை மில்லுக்கு வெறுங்கையோடு வந்தார்.

அரைக்கிற மில்லுக்கு வெறுங்கையோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ஒன்றில் செத்தவீட்டுச் சேதியாக இருக்கும், இல்லாவிட்டால் யாரைப் பற்றியாவது முறைப்பாடாக இருக்கும். உடையார்கட்டில் இந்த மில்லை நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து நான் கண்ட அனுபவம் இது. அரிசியோ மிளகாயோ கையில் இருந்தால் மனிதர் நல்லவராக இருப்பார்.

மோட்டரை நிற்பாட்டும்படி கையால் காட்டினார். நிற்பாட்டினேன். பெல்ட் சுற்றி ஓயும் வரைக்கும் காத்து நின்றார். புருவத்திலும் மீசையிலும் மா படிந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, எங்களைப் பற்றி நீதான் எழுதிக் குடுக்கிறியாம்."

"ஓம் அண்ணை. மேடையிலை வாசிக்கப் போகினமாம்."

"எழுது. என்னவெண்டாலும் எழுது. அந்த மிசின் கதையை மட்டும் எழுதிப்போடாதை."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த மனிதர். கோயில் கூட்டத்தில்கூட யாருக்கும் பணிந்து பேசாதவர். "சீச்சீ, என்னண்ணை இது" என்று சொல்லி, என்ன செய்வதென்று தெரியாமல் மோட்டரை மறுபடி போட்டேன்.

ஆளுக்கு நாலு வரி

அதற்கு முதல்நாள் எனக்கு ஒரு தொலைபேசி வந்திருந்தது. முல்லைத்தீவில் நடக்க இருந்த கலைவிழாவின் அறிவிப்பாளர் பிள்ளை பேசினாள். தேன் போன்ற குரல். நான் யாருடையதோ மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்கடை பாட்டுக் குழுவை நடத்திறவர், பக்கவாத்தியம் வாசிக்கிறவை, இவையின்ரை இசைப் பின்னணி வேணும். ஆளுக்கு நாலு வரி காணும். ஆரிட்டைப் படிச்சவை, எங்கையெங்கை மேடை ஏறினவை, என்ன பட்டம் எடுத்தவை..."

"பட்டமோ?" என்று கேட்டு நான் இருமினேன். அது மிளகாய்த்தூளால் வந்த இருமல் என்று அவள் நினைத்திருப்பாள்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் நெல் விவசாயி. பக்கவாத்தியம் இரண்டு. ஒன்று தப்பு அடிக்கிற பெருமாள். மற்றது என்னுடைய மில். இவர்களுக்கு நாலு வரி இசைப் பின்னணி எழுதுவதைவிட, நாலு அந்தர் மூட்டை மிளகாயைக் கையால் இடிக்கலாம்.

ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே

இப்படி ஒரு குழு எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நோர்வேயிலிருந்து வந்தது.

சுகுணா அக்கா எங்கள் ஊர்ப் பிள்ளை. இளவயதில் போய் அங்கேயே இருந்துவிட்டவா. ஒரு முறை நீண்ட லீவில் வந்து நின்றபோது, ஊருக்கு ஒரு கூட்டுப்பாடல் குழு இல்லையே என்று கவலைப்பட்டா. எங்களுக்கு அந்தக் கவலை அதுவரை இருந்ததில்லை. அவாவின் இசைப் பின்னணி என்னவென்று விசாரித்தேன். அந்த ஊர்ப் பாஷையைப் பழகுவதற்காக அங்கே வயதானவர்கள் பாடும் குழு ஒன்றில் சேர்ந்தாவாம். கடைசி வரிசையில் நின்று வாயசைத்தாவாம். பாஷை வந்துவிட்டது, பாட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

எங்களுக்குத் தெரிந்தது பஜனை. ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அக்காவுடைய முறை வேறு. எல்லோரும் ஒரே நேரத்தில் பாட வேண்டும், ஆனால் ஒரே மாதிரிப் பாடக் கூடாது.

"ஒருத்தி மேலை போக மற்றவள் கீழை போறது சண்டையிலைதான் அக்கா நடக்கும்" என்றாள் யோகமணி. அவளுக்குப் பொன்னுத்துரை அண்ணையின் வயலுக்குப் பக்கத்து வயல். ஆட்டைக் கூப்பிட்டால் இரண்டு வயல் தாண்டி மாடும் வரும், அப்படியொரு குரல்.

அக்கா எங்களுக்காக ஒரு மழைப் பாட்டும் கட்டித் தந்தா. 'மழையே வா, வாய்க்கால் வழியே வா' என்று தொடங்கும். அந்த வாய்க்கால் பின்னால் எங்களை என்ன பாடுபடுத்தும் என்று அவாவுக்கு எப்படித் தெரியும்?

லீவு முடிந்தது. சுருதி பிடிப்பதற்கு அவா ஊதுகிற சின்னக் குழல் கைப்பைக்குள் போயிற்று. கைப்பை நோர்வேக்குப் போயிற்று. குழு மட்டும் இங்கே மிஞ்சியது.

இரண்டு சுருதி

ஊர்ப் பொதுநோக்கு மண்டபம் முழுக்க உரமூட்டை. அதனால் மில்லில்தான் பாடிப் பழகினோம். நெல் காயப்போடுகிற சீமெந்து நிலமும் மேலே தகரமும் இருந்தன, வேறென்ன வேண்டும்.

அக்கா போன பிறகு நடந்த முதல் பழக்கத்தில் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினோம். சந்தை தோற்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் அரிசியோடு வந்து நின்றார். வந்த வாடிக்கையை விடலாமா? மோட்டரைப் போட்டேன். 'ம்ம்ம்' என்று அது இழுக்க, எல்லோரும் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பாட்டு பாட்டாகக் கேட்டது.

அன்றிலிருந்து சுருதி என்றால் என் மில்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அரிசி போட்டால் மோட்டர் இலகுவாக ஓடும், சத்தம் மேலே நிற்கும். மிளகாய் போட்டால் இழுபட்டு ஓடும், சத்தம் கீழே இறங்கும். பாட்டும் கூடவே இறங்கும், எல்லோரும் சேர்ந்து இருமுவார்கள். காலப்போக்கில் எங்களுக்கு அரிசிமாச் சுருதி, மிளகாய்ச் சுருதி என்று இரண்டு உண்டாகிவிட்டன. யோகமணி அரிசிமாவில்தான் பாடுவேன் என்று அடம்பிடிப்பாள். ஆண்களுக்கு மிளகாய் வசதி.

சங்கீதம் படித்தவர்கள் இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, மா அரைக்க வருவீர்கள்தானே.

விசில் மாஸ்டர்

சுகுணா அக்காவுக்குப் பிறகு குழுவை நடத்த வந்தவர் கனகசபை மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய இசைப் பின்னணி விசில்.

நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கைகளை விறைப்பாக வைக்கச் சொன்னார். பாட்டுக்கு முன் ஒரு விசில், சரணத்துக்கு ஒரு விசில், பிழைவிட்டால் இரண்டு விசில். விசில் சத்தத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் மில் வாசலில் கூடிவிட்டன.

ஒருநாள் பெருமாள் தப்பைக் கொஞ்சம் வேகமாக அடித்தார். மாஸ்டருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "இடம், வலம், இடம், வலம்" என்று தொடங்கினார். குழுவும் கால் மாற்றியது. பாடிக்கொண்டே மில்லை விட்டு வெளியே போய் றோட்டில் ஏறினார்கள். நான் மோட்டரை விட்டுவிட்டுப் போக முடியாமல் வாசலில் நின்று கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைச் சந்தியில் எதிரே வந்த பஸ்தான் அவர்களை நிற்பாட்டியது.

மாஸ்டருக்கு அன்றிரவே முழங்கால் வீங்கிவிட்டது. அதன் பிறகு அவர் வரவில்லை.

கையின் பாஷை

அடுத்தது யார் என்று பெரிய வாக்குவாதம். அது முடியாமலே ஒருநாள் பாடிக்கொண்டிருந்தோம்.

பொன்னுத்துரை அண்ணை மா அரைக்க அரிசி கொண்டுவந்தார். அவருடைய மச்சான் லான்ட்மாஸ்டர் உழவு மிசினைப் பின்பக்கமாக முற்றத்துக்குள் விட, அண்ணை வாசலில் நின்று கை காட்டினார். இரண்டு கையையும் தன் பக்கம் இழுத்தார், 'வா, வா' என்று. குழுவின் குரல் கூடியது. ஒரு கையைப் பக்கமாக அசைத்தார், 'அரக்கு, கொஞ்சம் தள்ளி அரக்கு' என்று. கீழே போய்க்கொண்டிருந்த ஆண்கள் மெல்ல நகர்ந்து சுருதிக்குள் வந்தார்கள். கையைப் பொத்திப் பிடித்தார். லான்ட்மாஸ்டர் நின்றது. பாட்டும் நின்றது.

ஒருவரை ஒருவர் பார்த்தோம். எல்லோரும் வயற்காரர். நெல் வெட்டு மிசினையும் உழவு மிசினையும் லொறியிலிருந்து இறக்கக் காட்டுகிற கையைப் பிள்ளைக் காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். சுகுணா அக்கா காட்டியது எங்களுக்கு விளங்காத நோர்வேக் கை. இது எங்களுடைய கை.

அண்ணையை அப்படித்தான் பிடித்து வைத்தோம். அவருக்குப் பாடத் தெரியாது. சுருதி தெரியாது. ஆனால் அவர் கை சொல்வதை ஒருவரும் மீற மாட்டார்கள். தலையைச் சொறிந்தால்கூடப் பெண்கள் மேலே போய்விடுவார்கள். ஒருநாள் மா மூக்கில் ஏறித் தும்மினார், பாட்டு பாதியில் அறுந்து மூன்றாம் சரணத்தில் போய் விழுந்தது.

ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார். "அந்த வாய்க்காலை எடுத்துப்போட்டு ஆறு எண்டு பாடேலாதோ?" பாடிப் பார்த்தோம். வாயில் வாய்க்கால்தான் வந்தது.

மிசின் கதை

எழுத வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்ட கதையை இப்போது எழுதுகிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதைக் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பொன்னுத்துரை அண்ணையின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். இந்த வயலும் வாய்க்காலும் அவர்களுக்குக் கை ரேகை மாதிரி. அதனால் நெல் அறுக்கிற அருவி வெட்டுக் காலத்தில் வெட்டு மிசின் வந்தால், அதை லொறியிலிருந்து இறக்கி, வாய்க்கால் கரையால் கூட்டிக்கொண்டு வயலுக்குள் விடுவது அண்ணையின் பொறுப்பு. கூலியில்லை. மரியாதைதான் கூலி.

குழு தொடங்குவதற்கு முந்திய காலபோக அறுவடையில் ஓமந்தையிலிருந்து ஒரு மிசின் வந்தது. ட்ரைவர் பொடியன் ஊருக்குப் புதிது. 'பெரியவரின் கையை மட்டும் பார்' என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனும் கண் வெட்டாமல் பார்த்தான்.

வாய்க்கால் கரையில் பாதி வழி நல்லபடி வந்தது. திடீரென்று அண்ணையின் இரண்டு கையும் பறந்தன. இடது கை இடது பக்கம் வீசியது, வலது கை கீழே அடித்தது, காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தார். ட்ரைவர் அத்தனையையும் சைகை என்று எடுத்துக்கொண்டான். சொன்னதெல்லாம் செய்தான். மிசின் வாய்க்காலுக்குள் போய்த் தலைகுப்புற நின்றது.

அதை இழுத்து எடுக்க வேறு மிசின் தேடி வருவதற்குள் மழை வந்தது. முற்றிய நெல் அப்படியே சாய்ந்து சேற்றில் படுத்தது. அண்ணையின் நெல்லும் போயிற்று. யோகமணியின் நெல்லும் போயிற்று.

என்ன நடந்தது என்று கேட்காத ஆளில்லை. "கை தவறிப்போச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. குடித்திருந்தார் என்று சிலர் சொன்னார்கள். அவர் கோயில் தீர்த்தத்தைக்கூட அளந்து குடிக்கிற ஆள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? 'வாய்க்கால் பொன்னுத்துரை' என்று பெயர் விழுந்தது. அவரைக் கண்டால் சின்னதுகள் இரண்டு கையையும் அடித்துக் குதிக்கும். வண்டி விடுவதற்கு மச்சான் மட்டும் அவருடைய கையை நம்பினார், அண்ணையின் சொந்த அக்காவின் புருசன், வேறு வழியில்லை.

மிசின் வருகிற நாட்களில் அவர் வீட்டு யன்னல் சாத்தியிருக்கும். உள்ளே இருந்து மிசின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவருடைய மனைவி மா அரைக்க வந்தபோது சொல்லி அழுதா.

பெருமாளுக்குத் தெரிந்த இரண்டு அடி

பெருமாள் மலையகத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். இப்போது கச்சான் கடலை பயிர் செய்கிறார், கூலிக்கும் போகிறார். தேயிலைத் தோட்டத்தில் அவருடைய சித்தப்பா தப்படிப்பவர். விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்துக்கு, ஆள் கூப்பிட ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று.

"எனக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டுதாங்க்கா. பெரட்டு அடி, சாவு அடி. மத்ததெல்லாம் சித்தப்பாவோடயே போயிருச்சு."

ஆகவே மழைப் பாட்டுக்குப் பெரட்டு அடி. கைகள் களைத்தால் அது தானாகவே சாவு அடிக்கு இறங்கிவிடும். மழை வருகிறதா, பாடை வருகிறதா என்று தெரியாமல் நாங்கள் பாடுவோம்.

செத்தவீட்டுத் தோலை மேடையில் ஏற்றலாமா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பொன்னுத்துரை அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "தோல் தோல்தான். மிருதங்கத்தை என்ன வாழைமட்டையிலையே கட்டுறவை?" என்றார். அந்தக் கதை அதோடு நின்றது. பெருமாள் அன்றிலிருந்து அண்ணையின் ஆள்.

பெருமாளிடம் பின்னணி கேட்டேன். "ரெண்டையும் சொல்லிருங்க்கா. பெரட்டுக்கு ஆள் கூப்ட்டதையும் சொல்லுங்க, செத்தவீட்டையும் சொல்லுங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல" என்றார்.

மில்லுக்கு நான் எழுதியது: 'மின்சாரத்தில் இயங்கும் சுருதி.' முழு உண்மை.

அண்ணைக்குத்தான் வரி வரவில்லை. 'பெரிய பாரங்களை வழிநடத்திய நீண்ட அனுபவம்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மிசின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அடித்தேன். 'சைகையில் தேர்ச்சி' என்று எழுதினேன், அதிலும் மிசின். கடைசியில் 'பொறுமையானவர், நெல் விவசாயி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி வாசித்துவிட்டு, "காணும் தங்கச்சி" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இரைச்சலை எடுத்துவிட்டவர்

முல்லைத்தீவு மண்டபத்துக்கு மில்லைக் கொண்டுபோக முடியாது. அதனால் அரிசி அரைபடும்போது மோட்டருக்குப் பக்கத்தில் என் போனைப் பிடித்துச் சத்தத்தைப் பதிந்துகொண்டேன். அதை ஒலிபெருக்கியில் போட்டால் சுருதி. எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

எங்களுக்கு முன்னால் கொக்கிளாய்க் கரைவலைக்காரர் பாடினார்கள். வலையிழுக்கிற பாட்டு. சுருதியும் தேவையில்லை, கை காட்டவும் ஆளில்லை. மண்டபம் அதிர்ந்தது. அடுத்தது நாங்கள்.

அறிவிப்பாளர் பிள்ளை பின்னணிகளை வாசித்தாள். பெரட்டுக்கும் செத்தவீட்டுக்கும் தப்படித்தவர் என்றதும் சபையில் ஒரு சலசலப்பு, பிறகு நல்ல கைதட்டல். பெருமாள் கும்பிட்டார். 'பொறுமையானவர், நெல் விவசாயி பொன்னுத்துரை' என்றாள். அண்ணை வேட்டி சட்டையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, எங்களைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினார்.

நான் போனில் பொத்தானை அமத்தினேன். 'ம்ம்ம்' என்று வந்தது. உடனே நின்றது.

மறுபடி அமத்தினேன். வந்தது, நின்றது. ஒலிபெருக்கி மேசையில் இருந்த தம்பி வேர்க்க விறுவிறுக்க வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொளுவிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போனேன்.

"அக்கா பயப்பிடாதேங்கோ, லைனிலை ஒரு இரைச்சல் வருது. எடுத்திட்டன்" என்றார் பெருமையாக.

"தம்பி, அது இரைச்சல் இல்லை, எங்கடை சுருதி!"

"இல்லை அக்கா, மோட்டர் சத்தம் மாதிரிக் கிடக்கு."

அவருக்கு நான் எப்படி விளக்குவேன்? நான் விளக்கிக்கொண்டிருக்க, மேடையில் அண்ணையின் கை தூக்கியபடியே நின்றது. குழு வாயைத் திறந்தபடி நின்றது.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"உது வாய்க்கால் பொன்னுத்துரை எல்லே! அண்ணை, மிசின் கவனம்!"

மண்டபம் சிரித்தது. எங்கள் ஊரிலிருந்து வந்த பொடியள் எழுந்து கையை அடித்துக் குதித்துக் காட்டினார்கள். அந்தப் பொடியன்களின் மிளகாயை இனி அரைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அண்ணை சபையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது குழுவைத்தான். குழு அவருடைய கையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தது. நெல் இழந்த யோகமணி முன்வரிசையில் நின்றாள். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணை கையை இறக்கினார். இரண்டடி முன்னே போய், அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லிய குரலில் பேசினார். இரைச்சல் எடுத்த தம்பி ஒலிவாங்கியை உச்சத்தில் விட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"பிள்ளையள், ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு என்ரை கை பிழைக்கேல்லை. குளவியொண்டு கட்டியிருந்த சாறத்துக்குள்ளை பூந்திட்டுது. எங்கை கடிச்சது எண்டு கேளாதேங்கோ. வெளியிலை சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. அது நான் காட்டின சைகை இல்லை. இப்ப குளவி இல்லை. என்ரை கையைப் பாருங்கோ."

முல்லைத்தீவு முழுக்கக் கேட்டிருக்கும்.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. கதிரையிலிருந்து விழுந்து சிரித்தவர்களை நான் கண்டேன். அண்ணை திடுக்கிட்டு ஒலிவாங்கியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

யோகமணிதான் முதலில் நிமிர்ந்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை! நெல் போனதை விட, நீங்கள் ஒண்டும் சொல்லாமல் திரிஞ்சதுதான் எனக்குக் கோபம்" என்றாள். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணை கையைத் தூக்கினார். 'வா' என்று இழுத்தார்.

சுருதியில்லாமல் ஆளுக்கொரு இடத்தில் தொடங்கினார்கள். அவர் விடவில்லை. இவரை அரக்கினார், அவளை இறக்கினார், பெருமாளுக்கு விரலால் வேகம் சொன்னார். மண்டபத்தில் பாதிப் பேர் வயற்காரர். கையின் பாஷை அவர்களுக்கும் விளங்கியது. "அரக்கு, அரக்கு!" என்று கீழேயிருந்தும் குரல் வந்தது. இரண்டாம் சரணத்தில் எல்லோரும் ஒரு கரையில் வந்து சேர்ந்தார்கள். 'வாய்க்கால் வழியே வா' என்றபோது மண்டபமும் சேர்ந்து பாடியது. அண்ணையும் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

பரிசு கொக்கிளாய்க்காரருக்குப் போயிற்று. அதில் எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, அவர்கள் உண்மையிலேயே பாடினார்கள்.

அருவி வெட்டு

அண்ணை அதன் பிறகு கொஞ்ச நாள் வெளியே வரவில்லை. ஊர் இப்போது குளவிக் கதையைச் சொல்லிச் சிரித்தது. வாய்க்கால் போய்க் குளவி வந்துவிட்டது, அவ்வளவுதான் மாற்றம் என்று நினைத்து நான் கவலைப்பட்டேன்.

காலபோக வெட்டு வந்தது. ஓமந்தை லொறி வயல் றோட்டில் வந்து நின்றது. மேலே மிசின். ட்ரைவர் அதே பொடியன். யார் இறக்குவது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் இருக்கையை விட்டு இறங்கவேயில்லை.

"அந்த ஐயா எங்கை? நான் போனிலை நீங்கள் மேடையிலை பாடின வீடியோ பாத்தனான். அண்டைக்கு நான் மிசினை நிப்பாட்டியிருக்கோணும், ஐயாவை மட்டும் பிழை சொல்லிப்போட்டன். அவர் வந்து கை காட்டினால்தான் மிசினை எடுப்பன்" என்றான்.

பெருமாள் சைக்கிளில் போனார். அண்ணை சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்தார். சாறமில்லை, காற்சட்டை. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பலகை வைத்தார்கள். அண்ணை றோட்டு நடுவில் நின்று கையைத் தூக்கினார். எனக்குப் பக்கத்தில் நின்ற யோகமணி என் கையை நசுக்கிப் பிடித்தாள். மிசின் பலகையில் இறங்கியது. வாய்க்கால் கரையில் ஏறியது. அண்ணை பின்பக்கமாக நடந்துகொண்டே, 'வா, வா, இடது, கொஞ்சம், கொஞ்சம், வா' என்று காட்டினார். வயல் வாசல் வந்தது. மிசின் திரும்பி உள்ளே போயிற்று. கையைப் பொத்தினார். நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை. சாக்கு எடுக்கப் போனவர்கள் சாக்கு எடுக்கப் போனார்கள், தேத்தண்ணி வைக்கப் போனவர்கள் தேத்தண்ணி வைக்கப் போனார்கள். வெட்டு தொடங்கிவிட்டது.

அன்று பின்னேரம் அவர் மில்லுக்கு வந்தார். கையில் ஒரு சுண்டு அளவு மிளகாய். கொட்டிவிட்டு மோட்டருக்குப் பக்கத்தில் நின்றார். போகிறவர் போல இல்லை.

"தங்கச்சி, இண்டைக்கு மா அரைக்க வந்தவை ஏதும் கதைச்சவையோ?"

"என்னத்தைப் பற்றி அண்ணை?"

"என்னைப் பற்றி. மிசினைப் பற்றி."

யோசித்துப் பார்த்தேன். வயலிலிருந்து வந்து மில்லைத் திறந்ததிலிருந்து எத்தனையோ பேர் வந்து போனார்கள். மழை வருமா என்று கேட்டார்கள். யாருடைய மகளோ பெரியபிள்ளையாகிச் சாமர்த்தியவீடாம் என்றார்கள். ஒருத்தியின் பசு கன்று போட்டிருந்தது.

"இல்லை அண்ணை. உங்களைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை."

அவர் தலையாட்டினார். அரைத்த மிளகாய்ப் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, இரண்டு பேரும் அது மிளகாய்த்தூளால் வந்தது என்று ஒருவருக்கொருவர் சாட்டுச் சொல்லிக்கொள்ளவுமில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "நாளைக்கும் மிசின் இறக்க வரச்சொன்னவங்கள், நேரத்தோடை போய்ப் படுக்கோணும்" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.